சாலம்மாள் கேட்ட சாப்பாட்டு நேரம்

என் மாமியார் சாலம்மாள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு ஒரு நேரம் வேண்டும் என்று கேட்டார். அதையும் வீட்டில் கேட்கவில்லை, கப்பலில்தான் கேட்டார். சொந்தக்காரர்கள் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம், யாரோ கண் வைத்துவிட்டார்களாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடந்ததை நடந்தபடி யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் நானே சொல்கிறேன்.

அத்தை பிறந்தது நாமகிரிப்பேட்டையில், மஞ்சள் காட்டுக்காரர் வீட்டில். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டியில் ட்ரில்லராக இருந்த சின்னண்ணனுக்கு, அதாவது என் மாமனாருக்கு, கட்டிக் கொடுத்தார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற அந்த வண்டி ஆந்திரா, ஒடிசா என்று கிளம்பிப் போனால் மாதக்கணக்கில் ஊர் திரும்பாது. திரும்புகிற நாளையும் சொல்லிவிட்டு வராது. வந்து நிற்கும்போது சோறு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் மத்தியானச் சோற்றுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் பொழுது சாய்ந்தும் வரவில்லை. அத்தைக்கு அப்போது பதினெட்டு வயதுகூட இருக்காது. பசி தாங்காமல் போட்டுச் சாப்பிட்டுவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்த மாமனார், கழுவிக் கவிழ்த்திருந்த தட்டைப் பார்த்தார். "உண்டுட்டயா?" என்று கேட்டார். அத்தை ஆமாங்க என்றார். மாமனார் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் எருமைக்கு வைத்திருந்த தொட்டியில் கவிழ்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு போய்ப் படுத்துக்கொண்டார்.

அடித்திருந்தால்கூட அத்தை மறந்திருப்பார். அந்தப் பானை கவிழ்ந்த சத்தம் அவருக்கு மறக்கவே இல்லை. இதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "உண்டுட்டயா" என்று அவர் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தானாம். அதற்கப்புறம் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்காமல் அத்தை கை நனைத்ததே இல்லை.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன புதிதில் இதற்காகச் சண்டை பிடித்தேன். எனக்குப் பசித்தால் நான் போட்டுச் சாப்பிடுவேன். அத்தை என்னைத் தடுத்ததில்லை, என் தட்டில் குழம்பைக்கூட அவரே ஊற்றுவார். நீங்களும் உட்காருங்கள் என்றால் மட்டும், "அவரு உங்காம நா எப்புடி கண்ணு உங்கறது?" என்பார். உங்கறது என்றால் எங்கள் பக்கத்தில் உண்பது. மாமனார் ரிக்கோடு வெளியூர் போயிருந்த மாதங்களில்தான் தான் வேளைக்குச் சாப்பிட்டதாக ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு உடனே, பாவம் அங்கே அவரு என்னத்த உண்டாரோ என்று சேர்த்துக்கொண்டார்.

ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. முதலில் மாத்திரை, அப்புறம் காலையும் மாலையும் ஊசி. நாமக்கல் டாக்டர் எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "ஊசி போட்டா அரை மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டாகணும். சாப்பாடு இல்லன்னா ஊசியும் வேண்டாம். போட்டுட்டுப் பட்டினி கெடந்தா சர்க்கரை எறங்கி ஆளையே கொண்டுபோயிரும்." மாமனாரும் பக்கத்திலேதான் இருந்தார். தலையை நன்றாக ஆட்டினார்.

ஆட்டினாரே தவிர நேரத்துக்கு வீடு வந்தாரா என்றால் இல்லை. முதுகு போய் ரிக் வேலையை விட்ட பிறகு அவர் சாயங்காலமானால் பேக்கரி வாசலில் பழைய ரிக் ஆட்களோடு உட்கார்ந்துவிடுவார். பேச்சு எப்போது முடிகிறதோ அப்போதுதான் ராத்திரிச் சாப்பாடு. ஏழு மணியும் உண்டு, பத்து மணியும் உண்டு.

அத்தை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மாமனாருடைய டிவிஎஸ் வண்டியின் சைலன்ஸர் ஓட்டை. மாரியம்மன் கோயில் திருப்பத்தில் வரும்போதே அதன் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அத்தை ஊசியை எடுப்பார். அவர் வண்டியை நிறுத்தி, கால் கழுவி, உட்கார்ந்து, சாப்பிட்டு எழுவதற்குள் அரை மணி நேரம் ஆகாது. அதே சூட்டோடு, இல்லை, அதே ஆறலோடு அத்தை சாப்பிட்டுவிடுவார். டாக்டர் பேச்சும் தவறவில்லை, புருஷன் பேச்சும் தவறவில்லை. இப்படியே வருஷங்கள் ஓடின. எனக்கு இது பிடிக்கவே இல்லை, ஆனால் ஒருநாளும் பிசகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த நிலையில்தான் என் வீட்டுக்காரர் இளவழகன், அப்பா அம்மாவுக்குக் கடலைக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். சென்னையில் ஏறி இலங்கைப் பக்கம் போய்த் திரும்புகிற கப்பல். எங்களுக்கும் மகள் சௌமியாவுக்கும் ஓர் அறை, அவர்கள் இருவருக்கும் ஓர் அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சேலத்திலிருந்து ஊருக்கு வந்திருந்தபோது கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு விதம் உண்டாம். ஒன்றில் தினமும் ஒரே நேரம், ஒரே மேசை, ஒரே நாற்காலி, பரிமாறுகிற ஆளும் ஒரே ஆள். இன்னொன்றில் எப்போது வேண்டுமானாலும் போகலாம், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காரலாம். ஒவ்வோர் அறைக்கும் எது வேண்டும் என்று கேட்டாள்.

குழந்தை எப்போது தூங்கும் எப்போது எழும் என்று தெரியாததால், நாங்கள் எப்போது வேண்டுமானாலும் என்பதை எடுத்தோம். மாமனார் கட்டிலில் படுத்தபடியே, "எங்களுக்கும் அதையே போட்றா. மணியடிச்சாச் சோறு திங்க நானென்ன ஜெயில்லயா இருக்கறேன்?" என்றார்.

சமையலறை வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "சாமி, எங்களுக்கு அந்த நேரம் வெச்சதப் போடு கண்ணு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். போனில் அந்தப் பெண் ஹலோ ஹலோ என்றாள். மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏ, ஊட்டுலயே உன்னால எனக்கு நேரம் வெக்க முடியல. கப்பல்ல போயி வெக்கறயா?"

"நா வெக்கலீங்க. கப்பக்காரன் வெக்கறானுங்க."

அத்தை அப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. இளவழகன் சட்டென்று போனில் அம்மா கேட்டதையே சொல்லி முடித்துவிட்டார். மாமனாரும் விட்டுவிட்டார். அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் இருந்தார்.

அதற்கப்புறம் அத்தையிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. போன் செய்கிறபோதெல்லாம் இதைப் பற்றித்தான் கேட்டார். அந்த நேரத்துக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்களா, ஆம்பளைகளும் வருவார்களா, யாராவது வராவிட்டால் கூப்பிட ஆள் அனுப்புவார்களா. கடல் எப்படி இருக்கும் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பரிமாறுகிறவர் ஆம்பளையாக இருந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுகூடக் கேட்டார். தம்பி என்று கூப்பிடுங்கள் என்றேன்.

முதல் நாள் சாயங்காலம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வராந்தாவில் இருந்த ஒலிபெருக்கியில் சாப்பாட்டு அறிவிப்பு வந்தது. அத்தை ஊசி போட்டுக்கொண்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினார். புதுச் சட்டையில் மாமனார் பின்னாலேயே போனார். அவர்கள் மேசையில் தமிழ் பேசுகிறவர்களாகவே போட்டிருந்தார்கள். சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீஸில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஜானகியம்மாளும் அவர் தங்கையும் அங்கே இருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை நேராக எங்கள் அறைக்கு வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. "ரண்டு பேருக்கும் ஒரே சமயத்துல கொண்டாந்து வெச்சுட்டாங்க கண்ணு. அவரு உங்க ஆரம்பிச்சாரு, நானும் ஆரம்பிச்சுட்டேன். சோறு சூடா இருந்துச்சு" என்றார். சூடாக இருந்தது என்பதை மறுபடியும் ஒருமுறை சொன்னார். நாற்பது வருஷமாக ஒரு பெண் வீட்டில் புருஷன் இருக்கும்போது சூடான சோறு சாப்பிட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் காலையிலிருந்தே கப்பல் கொஞ்சம் ஆடியது. பாதிப் பேர் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சௌமியா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அத்தை அவளுக்கு எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் தன் அறைக்குப் போனார். நானும் இளவழகனும் குழந்தையோடு எங்கள் அறையிலேயே இருந்தோம். அதனால் இனி நான் சொல்வதெல்லாம், உடன் இருந்தவர்கள் பிறகு என்னிடம் சொன்னது.

மாமனாருக்கு மேல்தளத்தில் ஓர் ஆள் கிடைத்துவிட்டார். திருச்செங்கோட்டில் ரிக் வைத்திருக்கும் சந்திரசேகர். நடுக்கடலில் கொண்டுபோய் விட்டாலும் எங்கள் ஆட்கள் ஒரு ரிக் ஓனரைத் தேடிப் பிடித்துவிடுவார்கள். ஒடிசாவில் பாறை எத்தனை அடியில் வந்தது, கர்நாடகத்தில் எந்த கம்ப்ரஸர் காலை வாரியது என்று மத்தியானத்திலிருந்து பேச்சு. அறிவிப்பு வந்ததும் அத்தை மேலே தேடிக்கொண்டு போயிருக்கிறார்.

"ஏனுங்க, மணி ஆயிருச்சுங்க."

"நீ ஊசியப் போட்டுட்டுப் போ. நா பொறத்தாலயே வாரேன்."

சந்திரசேகர் இதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார். ஊசியைப் போட்டுட்டுப் போ என்று மாமனார் வாயாலேயே சொல்லியிருக்கிறார். வீட்டிலாக இருந்தால் அத்தை அந்தப் பேச்சை நம்பியிருக்க மாட்டார், டிவிஎஸ் சத்தம் கேட்கிறவரைக்கும் ஊசியைத் தொட்டிருக்க மாட்டார். கப்பலில் அந்தச் சத்தம் ஏது? கப்பல்காரன் வைத்த நேரம் இருந்தது, எல்லோரும் வந்து உட்காருகிற மேசை இருந்தது. அதை நம்பி அத்தை ஊசியைப் போட்டுக்கொண்டார்.

மேசையில் என்ன நடந்தது என்பதை ஜானகியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி சொன்னார். முதலில் சூப் வந்தது. அத்தை பக்கத்து நாற்காலியைக் காட்டி, அவர் வரட்டும் என்று சைகை செய்தார். பரிமாறிய பையன் வடகிழக்குக்காரன், புரிந்துகொண்டு சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து ஆறிப்போன சூப்பை எடுத்துக்கொண்டு போனான். சோறு வந்தது, குழம்பு வந்தது. அத்தை தட்டைத் தொடவில்லை.

"நான் சொன்னேம்மா. நீங்க ஆரம்பிங்க, அவர் வந்து சேர்ந்துக்குவாருன்னு சொன்னேன். அவர் உங்காம நா எப்புடிங்க உங்கறதுன்னு கேட்டாங்க. அவங்க ஊசி போட்டிருக்கிறது எனக்குத் தெரியாதேம்மா. தெரிஞ்சிருந்தா நானே ஊட்டி விட்டிருப்பேனே."

மேசையில் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள். பாயசம் வந்தது. சர்க்கரைக்காரி என்று ஜானகியம்மாளிடம் முதல் நாளே சொல்லியிருந்ததால் அதையும் யாரும் வற்புறுத்தவில்லை. அத்தை கூடையிலிருந்து ஒரு பன்னை மட்டும் எடுத்துக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். "பசியோட வருவாருங்க" என்றாராம். எழுந்தபோது ஒரு தள்ளாட்டம் இருந்தது. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஜானகியம்மாள் தாங்கிப் பிடித்தார். "கப்பல் ஆடுதுங்க" என்று அத்தை சிரித்தார். அன்றைக்கு எல்லோருக்கும்தானே தலை சுற்றியது. ஜானகியம்மாளுக்கும் அப்படித்தான் இருந்தது.

ஊரில் இதே தள்ளாட்டமும் வேர்வையும் வந்திருந்தால் அத்தை சர்க்கரை டப்பாவைத் தேடியிருப்பார். டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். கப்பலில் அதைக் கடலின் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டார். அறைக்குப் போய், பன்னைத் தலைமாட்டு மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

அந்த நேரத்தில் மாமனார் மேல்தளத்தில் சந்திரசேகரோடு தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஓர் இடம் அங்கே திறந்தே இருந்தது. கீழே நேரம் முடிந்துவிட்டது, இனிமேல் போய் என்ன செய்வது என்று தோன்றியதாம். அறைக்குத் திரும்பியபோது அத்தை குறட்டை விட்டுத் தூங்குவதுபோல் இருந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, விளக்கை அணைத்திருக்கிறார். வாழ்க்கையில் முதல்முறையாக மனைவி தூக்கம் கலையக்கூடாது என்று நினைத்தார். பாழாய்ப்போன அந்த அக்கறை அன்றைக்குத்தானா வரவேண்டும்?

காலையில் எவ்வளவு உலுக்கியும் அத்தை எழவில்லை. மாமனார் எங்கள் கதவைத் தட்டிய தட்டில் சௌமியா அலறிவிட்டாள். கப்பல் டாக்டர் விரலில் குத்தி ரத்தத்தை மெஷினில் வைத்தார். எண்ணே வரவில்லை, அந்த அளவுக்குக் கீழே போயிருந்தது. அறையிலேயே வைத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எண் ஏறியது, அத்தைதான் திரும்பி வரவில்லை. கரை சேரும்வரை நான் தலைமாட்டிலேயே இருந்தேன். அந்தப் பன் அங்கேயே இருந்தது, மடிப்புக்கூடக் கலையாமல்.

ராத்திரி என்ன சாப்பிட்டாங்க என்று டாக்டர் கேட்டார். இளவழகன் அப்பாவைப் பார்த்தார். மாமனார் தரையைப் பார்த்தபடி, "உண்டிருப்பான்னு நெனச்சேன். நேரம் வெச்ச சோறுதான?" என்றார். பெற்ற மகன் அப்பாவை அடிக்கக் கை ஓங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓங்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

சென்னை ஆஸ்பத்திரியில், மூளை ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறது என்று சொன்னார்கள். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். இப்போது அத்தை சேலத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறார். கண் திறந்திருக்கிறது. யாரையும் தெரியவில்லை, விழுங்கத் தெரியவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள். அதில் வேளை தவறாமல் கஞ்சி ஊற்ற வேண்டும். சுவரில் நேரம் எழுதி ஒட்டிவிட்டுப் போனது ஆஸ்பத்திரி நர்ஸ். அத்தை கேட்ட நேரம் இப்படித்தான் அவருக்குக் கிடைத்தது.

ஊற்றுகிறவர் மாமனார். வேறு யாரையும் விடுவதில்லை. டிவிஎஸ் வண்டி ஊரில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி இருப்பார், நேரம் வந்ததும் எழுந்து கை கழுவுவார். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று மூக்கைச் சிந்துகிறார்கள். நான் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். எனக்கு அவரைப் புகழ வாய் வரவில்லை. திட்டவும் இப்போதெல்லாம் வருவதில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் கரண்ட் போய், மிக்ஸி ஓடாமல், கஞ்சி அரைக்க நேரமாகிவிட்டது. அவரும் மத்தியானம் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. போன மாதம்தான் அவருக்கும் சர்க்கரை என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்திருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குக் கை நடுங்கியது. நான் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தேன்.

"நீங்க உண்ணுங்க மாமா. அத்தைக்கு நா ஊத்திக்கறேன்."

அவர் தட்டைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தார்.

"அவ உங்காம நா எப்புடி சாமி உங்கறது?"

எனக்கு அந்தத் தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. கரண்ட் வந்ததும் கஞ்சியை அரைத்து வடிகட்டினேன். மாமனார் வந்து பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். குழாயில் சூடாக ஊற்றக்கூடாது. அது ஆறுகிறவரைக்கும் இருவரும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.